யாருடைய ஆள்

கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கி ஓடினார். புதுச் சட்டை கசங்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், மண்டப வாசலில் வந்து நின்ற காரின் கதவைத் திறந்தார். இறங்கியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, அவர் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவர் பின்னாலேயே போய் நின்றுகொண்டார். மேடையில் மணப்பெண் தனியாக நின்றாள். படம் பிடிக்கிறவர், “மாப்பிள்ளை எங்கம்மா?” என்று அவளிடமே கேட்டார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் அது.

காரில் வந்தவர் அப்போது ஒரு கட்சிக்குத் தலைவர். மூன்று வருஷத்தில் நாட்டுக்கே தலைவர் ஆனார். மாப்பிள்ளை அவருடைய அந்தரங்க உதவியாளர். மாத்திரைப் பெட்டி, தண்ணீர்க் குடுவை, சால்வை, மேடையில் படிக்கும் தாள்கள், மாற்றுச் செருப்பு என்று எல்லாம் இவர் பொறுப்பு. தலைவர் எங்கே நின்றாலும் இரண்டடி பின்னால், சற்று இடப்பக்கமாக இவர் நிற்பார். செய்தித்தாளில் தலைவர் படம் வந்தால் இவருடைய ஒரு காதாவது ஒரு தோளாவது அதில் இருக்கும். அலுவலகத்தில் இவருக்கு ‘நிழல்’ என்றே பெயராகிவிட்டது. யாராவது புதிதாக வந்து விசாரித்தால், “நான் ஐயாவோட ஆளு” என்பார். அதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு எதுவும் இருக்கவில்லை.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து, லென்ஸில் குறி வைத்து, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தித் தருவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். குடியிருப்பில் அவளைக் கண்ணாடியம்மா என்றார்கள்.

அவர்களுக்கு அரசு ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்திருந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தலைவரின் படத்தை நிழல் மாட்டி வைத்திருந்தார். “சாப்பிடறப்பகூட இவர் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?” என்று கண்ணாடியம்மா அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் மகள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே, “நீ மூணாவதுதானே?” என்றார்.

“அஞ்சாவதுப்பா.”

அவர் திருத்தி எழுதினார். அடுத்த நிமிஷம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. தலைவரின் மருத்துவர் பேசினார். “திங்கக்கிழமை நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூறு. செவ்வாக்கிழமை நூத்தி முப்பத்தெட்டு” என்று மூன்று வாரத்து ரத்த அழுத்தத்தை எதையும் பார்க்காமல் ஒப்பித்தார் நிழல். கண்ணாடியம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேற பொம்பளையா இருந்தா நேரா போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன் அண்ணி,” என்று நாத்தனாரிடம் சொன்னாள். “நாட்டுத் தலைவர் வீட்டு வாசல்ல போயா சண்டை போட முடியும்? சுட்டுடுவாங்க.”

நாத்தனார், நிழலின் அக்கா. பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கிறவர். விடிந்ததும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போவார். வாய்த்துடுக்கு அதிகம். “உன் புருஷன் அவருக்கு ரெண்டாம் பெண்டாட்டி. நீ இவனுக்கு ரெண்டாம் பெண்டாட்டி. நல்ல குடும்பம்” என்று சிரித்தார். கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவர் பதவிக்கு வந்து பத்து வருஷம் முடிந்தபோது ஓர் உத்தரவு வந்தது. தலைவர் மாளிகையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். நிழல் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அதை மனப்பாடம் செய்தார். ‘என் உடலும் உயிரும் மனமும் என்றென்றும் தலைவருக்கே உரியவை.’

கண்ணாடியம்மா கதவுக்கு வெளியே ஈரத்துணியோடு நின்றிருந்தாள். “உடம்பும் உயிரும் மனசும் அவருக்கு. அப்ப எனக்கு என்ன மிச்சம்? துவைக்கப் போடற சட்டையா?”

“எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன். வெறும் வார்த்தைதானே.”

“உங்களுக்கு அது வெறும் வார்த்தை இல்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

அன்று வந்திருந்த நாத்தனார் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “தம்பி, அந்த மூணும் படைச்சவர் உனக்குக் கொடுத்து வச்சது. அடுத்தவர் பொருளை எடுத்து நீ யாருக்குடா தானம் பண்றே? உங்க ஐயாவுக்கே அந்த மூணும் சொந்தம் கிடையாது.”

“அக்கா, மெதுவாப் பேசு” என்றார் நிழல், சுவரைப் பார்த்து. மறுநாள் போய் உறுதிமொழி எடுத்து, தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார்.

அந்த மாதத்தில்தான் தலைவரின் கண்ணாடி அவள் கைக்கு வந்தது. ஒரு கூட்டத்தில் கீழே விழுந்து வலது லென்ஸில் கீறல். “வெளியில கொடுக்க வேண்டாம்னு ஐயா சொல்லிட்டார். உன் கையாலயே செய்யணும்னார்” என்று நிழல் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்தக் கண்ணாடி வழியாக அந்த மனிதர் தன் புருஷனை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பார் என்று தோன்றியது. அவள் பார்த்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

கடையில் புது லென்ஸை எடுத்தாள். சீட்டில் கோணம் நூறு என்று எழுதியிருந்தது. அவள் நூற்றுப் பத்தில் குறி வைத்துத் தேய்த்தாள். பார்வைக்கு எதுவும் தெரியாது. போட்டுக்கொண்டவருக்கு எழுத்து லேசாகச் சாயும், தலை விண் விண்ணென்று வலிக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு தண்டனையையாவது அவருக்குத் தன் கையால் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

நான்கு நாள் நிழல் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் கண்கள் சிவந்து வந்தார். “ஐயாவுக்கு ஒரே தலைவலி. நான் அமுக்கிவிட்டாத்தான் கொஞ்சம் தூங்கறார். டாக்டருக்கே ஒண்ணும் புரியல. எதுக்கும் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துடு.”

தன் புருஷனை நான்கு நாள் முழுசாக அவரிடமே அனுப்பி வைத்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காமல் சரிசெய்து கொடுத்தாள்.

அடுத்த வருஷம் ஒரு காலை, அமைச்சர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, தலைவர் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டினார். நாடு முழுவதும் அவர் சொன்னதைக் கேட்டது. அன்றைக்கு அவருடைய வலது கை கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சரிந்தவரை நிழல்தான் தாங்கிப் பிடித்தார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் மந்திரிகளும் அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் துணைத்தலைவர் பொறுப்பேற்றார். வரிசை அப்படியே இடம் மாறி அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. தலைவரின் மகன்கள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒன்பதாம் நாள் அந்த அறையில் இருந்தது நிழல் ஒருவர் மட்டும்தான். வாசலில் காவலுக்குப் புது ஆள் நின்றான். “நீங்க யாரோட ஆளு? உள்ளே இருக்க அனுமதிச் சீட்டு இருக்கா?” என்று கேட்டான்.

“நான் ஐயாவோட ஆளு.”

“எந்த ஐயா?”

நிழல் உள்ளே போய் அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தார். தலைவர் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் இவரைப் பார்த்தார். பிறகு குழறிக் குழறி, ஆனால் விளங்கும்படியாகவே, “நீ யாருப்பா?” என்றார்.

மருத்துவர் அது நோயின் பாதிப்பு, ஆளை அடையாளம் தெரியாது என்று விளக்கினார். நிழலுக்கு அது புரிந்தது. ஆனாலும் பதில் சொல்ல வாயெடுத்தவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. யாரைக் காட்டி அதைச் சொல்லி வந்தாரோ அவரே கேட்கும்போது என்ன சொல்வது? துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அவரை அங்கேயிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தது கண்ணாடியம்மா. வரும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியதையும் அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் ஜெயித்தது நான்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

கடையில் பத்து நாள் விடுப்புச் சொன்னாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். அவர் சாப்பிட்டார். பேசினால் பதில் சொன்னார். மற்றபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் அவரும் எழுந்து இரண்டடி பின்னால், சற்று இடப்பக்கமாக வந்து நின்றார். “இங்க யாரும் கூட்டத்துல பேசப் போறதில்ல, உட்காருங்க” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குப் போன வாரத்தில், அவர் தன் அக்காவோடு காலையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மனுஷன் வெளியே கால் வைக்கிறாரே. ஒரு மாதத்தில் அவர் முகம் தெளிந்தது. அதே மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிற, துடைத்துவிடுகிற வேலைக்குச் சேர்ந்தார். மகளின் கணக்கு நோட்டைத் தானாகவே எடுத்துப் பார்த்தார். காலையில் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வரும்போது மெல்ல எதையோ முணுமுணுத்துக்கொண்டு, தனக்குள் சிரித்தபடி வந்தார்.

அந்தச் சிரிப்பு அவளை அறுத்தது. நான் பத்து நாள் விழுந்து விழுந்து கவனித்தேன், எனக்காக வராத சிரிப்பு அங்கே எப்படி வந்தது?

ஒருநாள் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். முன்னால் யாரும் இல்லை, வெறும் சுவர். அவர் முழங்காலில் நின்று தலையைக் குனிந்திருந்தார். யாருக்குப் பின்னாலும் நிற்கிற நிலை இல்லை அது. தோள்கள் தளர்ந்து, தாயிடம் வந்துவிட்ட பிள்ளைபோல இருந்தது. பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அப்படி அவர் அவளிடம் இளகி நின்றதே இல்லை. அவள் எழுந்து விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள்.

அன்று அவர் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“அங்க போய் என்னதான் பண்றீங்க?”

“உட்கார்ந்திருப்பேன்.”

“ஏன், இங்க நாற்காலி இல்லையா?”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“அந்த மனுஷனுக்காவது மாத்திரை எடுத்துக் கொடுக்கணும், சால்வை மடிக்கணும். ஒரு காரணம் இருந்துச்சு. எல்லாத்தையும் கையில வச்சிருக்கறவருக்கு உங்களையும் சேர்த்து வேணுமா?”

“வேணும்னுதான் சொல்றாரு.”

“உங்க ஐயாவோடயாவது சண்டை போட்டுப் பார்க்கலாம், என்னிக்காவது சாகப்போறவர். இவரோட நான் எப்படிங்க சண்டை போடுவேன்?”

நிழல் தட்டைத் தள்ளி வைத்தார். “ஐயாகிட்ட இருந்த பதினெட்டு வருஷத்துல, உன் வீட்டுல எப்படி இருக்காங்கன்னு அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்ல. நானும் நெனச்சுக்கிட்டதில்ல. அங்க போய்க் கண்ணை மூடினா முதல்ல உன் முகம்தான் வருது. ‘அவளை நீ என்ன பண்ணி வச்சிருக்கே’ன்னு கேக்கற மாதிரி இருக்கு. பதில் இல்லாமதான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கண்ணாடி, அது தவறிப்போய் நடந்ததில்ல. நான் வேணும்னேதான் கோணம் மாத்தித் தேய்ச்சேன்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நாலு நாள் அவர் தலையை அமுக்கினேன். கை வீங்கிப்போச்சு.”

“தெரியும்.”

“உனக்கு அவ்வளவு கோவமா?”

“கோவம் இல்ல. பொறாமை.” அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் சொன்னதால் அவளுக்குப் பொறாமை தீர்ந்துவிடவில்லை. உணவு இடைவேளையில் ஒருநாள், கடையிலிருந்து நேராக அந்தக் கூடத்துக்குப் போனாள். கும்பிடுவதற்குப் போகவில்லை, நியாயம் கேட்கப் போனாள். ஒரு பெண் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியம்மா ஓரமாக உட்கார்ந்து மனசுக்குள் கடவுளிடம் கேட்டாள்: ஒரு ஆளிடமிருந்து என் புருஷனைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தீர். பிறகு என்னிடமிருந்து ஏன் பிடுங்கிக்கொண்டீர்?

காலையில் நாத்தனார் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. “படைச்சவர் அவனை மட்டுமா கேக்கறாரு? உன்னையும்தான் கேக்கறாரு. நீ உன் புருஷனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுல அது உன் காதுல விழல.”

என்னையா?

அவள் யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்தில் அவள் அப்பா கடமை முடிந்தது என்று சந்தோஷமாகத்தான் அவளைத் தாரை வார்த்தார். கடை முதலாளி கேட்கிற கிளைக்கெல்லாம் அவளை அனுப்பி வைப்பார். புருஷன் மேடையிலேயே விட்டுவிட்டுப் போனார். பிறருக்காக வயிறு எரிந்தே அவள் நாள் ஓடியிருக்கிறது. அவளுக்காக யாரும் வயிறு எரிந்ததில்லை, இவளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று யாரும் ஒருதடவைகூட அடம் பிடித்ததில்லை. இங்கே ஒருவர் அடம் பிடிக்கிறாராம், ராஜாக்களைக் கவிழ்க்கிறவர், கேவலம் ஒரு கண்ணாடிக்கடைக்காரிக்காக. புருஷனைத் தன் கைக்குள் ஆண்டுவிட வேண்டும் என்று தானும் அந்தத் தலைவர் நாற்காலிக்குத்தான் ஆசைப்பட்டாள் என்பதும் அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. பெஞ்சு துடைத்தவள் ஒன்றும் கேட்காமல் அவள் இருந்த பெஞ்சை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைத் துடைத்தாள். அவள் கடைக்குத் திரும்ப அரைமணி தாமதமாகிவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் புதுத் தலைவரின் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். “உங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்க யாரும் இல்ல. பழைய வேலையே தரோம். வீடும் இதே வீடு. ஒரே ஒரு கையெழுத்து” என்று தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதே உறுதிமொழி. பெயர் மட்டும் மாறியிருந்தது.

கண்ணாடியம்மா அந்தப் பெயரைப் படித்தாள். பழைய எரிச்சல் குப்பென்று மேலே வந்தது.

நிழல் தாளை இரண்டு தடவை படித்தார். “வேலைன்னா செய்யறேங்க. தண்ணி கொடுக்கறேன், மாத்திரை கொடுக்கறேன், விழுந்தா தூக்கறேன். உண்மையா இருப்பேன். ஆனா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஏன், அவருக்குப் போட்டீங்களே?”

“என்னோடது இல்லாததை எழுதிக் கொடுத்தேன். தப்பு. புதுத் தலைவரும் நல்லா இருக்கட்டும். அவரும் ஒருத்தருக்குக் கீழ இருக்கறவர்தானே.”

அதிகாரியின் முகம் சுருங்கியது. “கையெழுத்து இல்லன்னா வேலை இல்ல, வீடும் இல்ல” என்றவர், கண்ணாடியம்மா பக்கம் திரும்பினார். “நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. அவர் உங்க பேச்சைத்தான் கேப்பார். என்ன இருந்தாலும் உங்க ஆள்.”

இதைக் கேட்கத்தான் அவள் பதினான்கு வருஷம் ஏங்கினாள். ஒரு நாட்டின் அதிகாரி வீடு தேடி வந்து சொல்கிறார். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு அந்த ஆளை வெளியே அனுப்ப நாக்கு துடித்தது. அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் பயத்தோடு.

“அவர் என் புருஷன்தான். ஆனா எனக்கும் சொந்தம்னு சொல்ல முடியாதுங்க” என்றாள். “டீ குடிக்கிறீங்களா?”

அதிகாரி டீ குடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், நாத்தனார் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. விடியும்போதே பேருந்துச் சத்தம் எழுப்பிவிடும். மகளுக்குத்தான் அது ரொம்பப் பிடித்தது.

நான்கு மாதம் கழித்துப் பழைய தலைவர் இறந்தார். அரசாங்கம் ஒருநாள் துக்கம் என்று அறிவித்தது. மகன்கள் வந்து சேரும்வரை உடலைக் கழுவித் துடைத்து உடுத்த யாரும் முன்வராததால் நிழல்தான் செய்தார். கண்ணாடியம்மா கூடப் போயிருந்தாள். சால்வையை மடித்துக் காலடியில் வைத்தவர், திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். பதினெட்டு வருஷத்து அழுகை அது.

அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. எனக்காக இவர் இப்படி அழுவாரா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததை அவள் கடவுளிடமும் மறைக்கவில்லை, பிறகு நாத்தனாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுத்து அவரை வெளியே கொண்டுவரவில்லை. அழுது முடியும்வரை கதவருகே நின்றிருந்தாள்.